வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் காய வைப்பது யார்?

சென்னையில் வெள்ளம் வந்தால் நமக்கு எண்ணத் தெரிந்த இயந்திரம் ஒன்றுதான்: மோட்டார் பம்ப். எந்த மண்டலத்தில் எத்தனை மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எந்தச் சுரங்கப்பாதையில் எப்போது தண்ணீர் வடிந்தது என்றெல்லாம் அறிக்கைகள் வருகின்றன; நாளிதழ்களும் பட்டியல் போடுகின்றன. 2015 டிசம்பரில் இதுதான் நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதுதான். தெருவில் தண்ணீர் வடிந்ததும் செய்தியும் வடிந்துவிடுகிறது. முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அன்றைக்குத்தான் இன்னொரு வெள்ளம் தெரியவருகிறது. அது சுவருக்குள் இருக்கிறது. அதை எந்த மோட்டாராலும் இறைக்க முடியாது.

டிசம்பர் வெள்ளத்துக்கும் தை பிறப்பதற்கும் இடையே ஐந்தாறு வாரங்கள்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா? சேற்றைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும் சுவரில் புட்டி வைத்து எமல்ஷன் அடித்துவிடுகிறோம். மாசியில் அடிச்சுவரில் பெயின்ட் குமிழ் விடுகிறது. பங்குனியில் உப்புப் பூக்கிறது. சித்திரையில் பூச்சு பொரிந்து தரையில் மாவாகக் கொட்டுகிறது. பெயின்டர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு பேச்சு. மணலில் உப்பு என்று கொத்தனார் மீது ஒரு பேச்சு. உண்மையில், வெளியே வர வழியில்லாமல் புட்டிக்கும் பெயின்டுக்கும் பின்னால் அடைபட்ட தண்ணீர்தான் அந்த வேலையைச் செய்கிறது. பழைய சுண்ணாம்பு வெள்ளையாவது சுவரை மூச்சுவிட வைக்கும். இன்றைய பெயின்ட் அதையும் அடைத்துவிடுகிறது.

வெள்ளத்தில் நனைந்த கட்டடத்தைக் காய வைப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித் தொழில். அதற்குப் பயிற்சி, சான்றிதழ், தரநிலை எல்லாம் உண்டு. 1972இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமெரிக்க அமைப்பு 1994 முதல் எஸ்-500 என்ற தரநிலையை வெளியிட்டுத் திருத்திவருகிறது. அந்தத் தொழிலின் முதுகெலும்பு டிஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரமெடுக்கும் இயந்திரம். இங்கேயும் சில நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால், டப்பாவில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பி வாங்கினால், பணமும் போகும், சுவரும் காயாது. எந்த இயந்திரம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை நம் சுவர், நம் மழைக்காலக் காற்று, நம் வீட்டின் அமைப்பு ஆகிய மூன்றும்தான்.

சுவர் குடிக்கும் தண்ணீர்

சுவரிலிருந்து தொடங்குவோம். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சலாம் என்று ஐ.எஸ். 1077 என்ற இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. ஒரு செங்கல் 3 கிலோ என்றால் அரை லிட்டருக்கு மேல். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு நூறு செங்கல்லுக்கு மேல் இருக்கும். பத்தடி நீளச் சுவர் மூன்றடி உயரத்துக்கு முழுக்க ஊறினால் அதற்குள் 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். அதில் பாதிதான் ஊறியது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து குடம். ஓர் அறைக்கு நான்கு சுவர்.

அமெரிக்க வீடு அப்படியல்ல. மரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அறைந்த சுவர் அது. 2005இல் கத்ரினா சூறாவளிக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் வீடு வீடாக அந்தப் பலகைகளைப் பெயர்த்துத் தெருவில் குவித்தார்கள். மிஞ்சிய மரச் சட்டத்தைக் காய வைத்தார்கள். நாம் செங்கல்லைப் பெயர்த்து எறிய முடியாது. அந்த நாட்டுக் கையேட்டில் மூன்று நான்கு நாள் என்று எழுதியிருப்பதை இங்கே வாடிக்கையாளரிடம் வாக்குறுதியாகக் கொடுக்கும் நிறுவனத்தை நம்ப வேண்டாம். தானாகக் காயும் கற்சுவருக்கு ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பிரிட்டனில் பழைய வீடுகளைப் பராமரிப்பவர்களின் உத்தேசக் கணக்கு. இயந்திரம் வைத்தால் அது வாரக் கணக்காகக் குறையும். நாள் கணக்காகக் குறையாது.

அப்படியானால் அவசரம் எதற்கு? பூஞ்சைக்காக. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எச்சரிக்கை. அந்தக் கெடுவுக்குள் சுவரின் உள்ளே காய்ந்துவிடாது. அறையின் காற்றையும், சுவரின் மேற்பரப்பையும், கதவு, கட்டில், துணிமணிகளையும் பூஞ்சைக்கு எட்டாத வறட்சிக்குக் கொண்டுவந்துவிட முடியும். முதல் இரண்டு நாள் இயந்திரத்தின் வேலை இது. சுவரின் உள் ஈரம் பிறகு வரும் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ‘மூன்று நாள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற புலம்பல் எழுகிறது.

ஜன்னலைத் திறக்கலாமா?

வெள்ளம் வடிந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து விடு, மின்விசிறியைப் போடு என்பதுதான் பாட்டி காலத்து அறிவுரை. வெயில் காலத்தில் குழாய் உடைந்து வீடு நனைந்தால் அது சரியான அறிவுரையும்கூட. டிசம்பரில் அது பலிக்காது. கணக்கைப் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோ காற்று அதிகபட்சம் 20 கிராம் நீராவியைத் தாங்கும். சென்னையில் மழை நாளில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அதில் ஏற்கெனவே 17 கிராம் இருக்கிறது. மிச்சம் மூன்று கிராமுக்குத்தான் இடம். ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட போர்வை மூன்று நாளானாலும் காயாத கதைதான் சுவருக்கும்.

இங்கிலாந்தில் ஜனவரி மாதத்துக் காற்று 5 டிகிரியில் ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் சுமக்கிறது. அதை வீட்டுக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடேற்றினால் இன்னும் 9, 10 கிராம் குடிக்க இடம் கிடைக்கும். அதனால் அங்கே ஜன்னலைத் திறந்து ஹீட்டரைப் போடு என்று சொல்வதில் அர்த்தம் உண்டு. இங்கே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு ஜன்னலையும் திறந்து வைத்தால், நாம் காய வைப்பது வீட்டையல்ல, வங்கக் கடலை.

மூடுவதும் நம் வீடுகளில் எளிதல்ல. ஜன்னலுக்கு மேலே கதவில்லாத வென்டிலேட்டர், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, குளியலறையில் கண்ணாடிப் பட்டைகள், கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி என்று காற்று வந்துகொண்டே இருக்கும்படிதான் நம் வீடுகளைக் கட்டியிருக்கிறோம். நம் ஊர் வெப்பத்துக்கு அது தேவையும்கூட. எனவே, இயந்திரத்தோடு பாலித்தீன் ஷீட்டும் ஒட்டும் டேப்பும் வாங்காதவர் இயந்திரத்தையே வாங்க வேண்டாம். வீடு முழுவதையும் ஒரே நேரத்தில் காய வைக்க முயலாமல், நனைந்த சுவரை ஒட்டி ஷீட்டால் ஒரு கூடாரம் கட்டி அதற்குள் இயந்திரத்தை வைத்தால் பாதி இயந்திரத்தில் வேலை முடியும். தேர்ந்த தொழில்காரரை இந்த ஷீட் கட்டும் விதத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மின்விசிறி வேண்டாமா என்றால், வேண்டும். தரையோடு தரையாக, சுவரை உரசிக்கொண்டு காற்றை அடிக்கும் புளோயர்கள் இந்தத் தொழிலில் இன்றியமையாதவை. ஆனால், அவை செய்வது பாதி வேலை. சுவரிலிருந்த தண்ணீரைக் காற்றுக்கு மாற்றுகின்றன. அந்தக் காற்றிலிருந்து தண்ணீரை எடுத்துச் சாக்கடைக்கு அனுப்ப இன்னொன்று வேண்டும். மூடிய அறையில் வெறும் புளோயரை மட்டும் ஓட்டினால், நனையாமல் தப்பிய மேல் அலமாரித் துணியிலும் பரணில் இருக்கும் புத்தகத்திலும் போய் அந்த ஈரம் உட்காரும்.

பெயின்டர்களின் ஹாலஜன் விளக்கை வைத்துச் சுவரைச் சூடேற்றுவதும் இதே கதைதான். இரும்புச் சட்டியில் கரி மூட்டி அறையில் வைப்பது அதைவிட மோசம். கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும். சமையல் வாயுவில் எரியும் ஹீட்டர் இன்னும் வேடிக்கை: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவியை அறைக்குள்ளேயே சேர்க்கும்.

குளிர் காயிலா, சிலிக்கா சக்கரமா?

டிஹியூமிடிஃபையரில் இரண்டு குடும்பங்கள். ஒன்று, நம் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினால் உடனே புரிந்துகொள்ளும் வகை. கம்ப்ரசர், குளிர் காயில், சூட்டுக் காயில் எல்லாம் ஒரே பெட்டிக்குள். அறைக் காற்று குளிர் காயிலில் பட்டுத் தண்ணீரை உதிர்க்கிறது. பிறகு சூட்டுக் காயில் வழியாகக் கதகதப்பாக வெளியே வருகிறது. ஏசி வெப்பத்தை வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. இது உள்ளேயே விடுகிறது. வீட்டில் இருப்பவருக்கு அது புழுக்கம். நனைந்த சுவருக்கு அதுதான் மருந்து.

இந்த வகையிலேயே ஒரு மேம்பட்ட ரகத்தை அமெரிக்கத் தொழில்காரர்கள் எல்.ஜி.ஆர். என்கிறார்கள். உள்ளே வரும் காற்றை, குளிர்ந்து வெளியேறும் காற்றைக் கொண்டே ஒருமுறை முன்கூட்டிக் குளிர்விக்கும் ஏற்பாடு அதில் உண்டு. விளைவு என்ன? சாதாரண இயந்திரம் ஒரு கிலோ காற்றில் 8 கிராம் நீராவி என்ற அளவுக்கு வந்ததும் திணறும். காயிலில் பனி படியும். எல்.ஜி.ஆர். ரகம் 6 கிராமுக்குக் கீழேயும் தண்ணீர் எடுக்கும். முதல் நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நான்காம் நாள், அறைக் காற்று வறண்டு, சுவரின் ஆழத்திலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வரும்போதுதான் யார் உழைக்கிறார் என்பது தெரியும்.

இரண்டாவது குடும்பத்தில் கம்ப்ரசர் இல்லை. சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் ஒன்று மெதுவாகச் சுழன்றபடி காற்றிலிருந்து ஈரத்தைப் பிடிக்கும். சக்கரத்தின் ஒரு பகுதியில் 100 டிகிரிக்கு மேல் சூடான காற்றைச் செலுத்தி அந்த ஈரத்தை விரட்டி, குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். மருந்துத் தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. குளிர் காயிலால் எட்ட முடியாத வறட்சியை இது எட்டும். உறையும் குளிரிலும் வேலை செய்யும். ஸ்வீடனின் மன்டர்ஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றதில் ஆச்சரியமில்லை. அந்த ஊர்க் குளிர்காலத்தில் காயில் இயந்திரம் பனிக்கட்டியாக நிற்கும்.

சென்னைக்கு எது? என் தீர்ப்பு தயக்கமில்லாதது: காயில் வகை, அதிலும் முடிந்தால் எல்.ஜி.ஆர். ரகம். 25 டிகிரிக்கு மேலான வெப்பம், கனத்த ஈரம் என்பது அந்த வகைக்கு வாய்த்த களம். சிலிக்கா சக்கரத்துக்கு மின்சாரம் தாறுமாறாகச் செலவாகும். வெள்ளம் வடிந்த தெருவில் முதலில் தட்டுப்பாடாவதே மின்சாரம்தான். ஆவணக் காப்பகம், குளிரூட்டிய சர்வர் அறை, தடித்த தேக்கு உத்தரங்கள் கொண்ட பழைய வீடு போன்ற இடங்களுக்காக நகரத்தில் பெரிய நிறுவனங்களிடம் சில இருந்தால் போதும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் அதில் முதலீட்டை முடக்க வேண்டாம்.

டப்பாவில் எழுதிய லிட்டர்

ஏமாற்றம் நடக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘ஒரு நாளைக்கு 50 லிட்டர்’ என்று டப்பாவில் போட்டிருக்கும். எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில்? பொடி எழுத்தில் 30 டிகிரி, 80 சதவீதம் என்று இருக்கும். அந்தக் காற்றில் கிலோவுக்கு 21 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. எந்த இயந்திரமும் அதில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துக் காட்டும். அமெரிக்கச் சீரமைப்புத் தொழில் ஒப்பிடப் பயன்படுத்தும் சோதனை நிலை வேறு: 26.7 டிகிரி, 60 சதவீதம். கிலோவுக்கு 13 கிராம்தான். டப்பாவில் 50 லிட்டர் போட்ட இயந்திரம் இந்த நிலையில் பாதிக்குச் சற்று மேலே, 27, 28 லிட்டர் எடுத்தால் நல்ல இயந்திரம். அறை இன்னும் வறண்டால் இன்னும் குறையும்.

இது ஏதோ மலிவு விலை உற்பத்தியாளர்களின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 2019இல் அமெரிக்க எரிசக்தித் துறை, வீட்டு உபயோக இயந்திரங்களுக்கான சோதனை வெப்பத்தை 80 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 65க்குக் குறைத்தது. அதுவரை ஒரு நாளைக்கு 70 பைன்ட் (அமெரிக்கக் கொள்ளளவு அலகு) என்று விற்ற இயந்திரம் அடுத்த நாளே 50 பைன்ட் ஆயிற்று. பெட்டி மாறவில்லை, கம்ப்ரசர் மாறவில்லை. கேட்ட கேள்வி மாறியது, விடை மாறியது.

இப்போது ஒரு வீட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 900 சதுர அடி, பத்தடி உயரம். 9,000 கன அடி. தரையும் சுவர்களும் நனைந்துவிட்டன. இத்தகைய நிலைக்கு எஸ்-500 தரும் தொடக்கக் கணக்கில் எல்.ஜி.ஆர். இயந்திரம் என்றால் கன அடியை 40ஆல் வகுக்க வேண்டும். சாதாரணக் காயில் இயந்திரம் என்றால் 30ஆல். விடை பைன்ட் கணக்கில், 26.7 டிகிரி, 60 சதவீத நிலைக்கு வரும். முதலாவதில் 225 பைன்ட், அதாவது 106 லிட்டர். இரண்டாவதில் 300 பைன்ட், 142 லிட்டர். டப்பாவை நம்புபவர் 50 லிட்டர் இயந்திரம் இரண்டோ மூன்றோ போதும் என்பார். உண்மையில் 27, 28 லிட்டர் மட்டுமே தரும் அந்தச் சாதாரண இயந்திரம் குறைந்தது ஐந்து வேண்டும். அதே வீட்டுக்கு, இந்த நிலையில் 55, 60 லிட்டர் எடுக்கும் எல்.ஜி.ஆர். இரண்டு போதும். இதுவும் தொடக்கக் கணக்குதான். மரச் சட்ட வீட்டை மனத்தில் வைத்துப் போட்டது. அடுத்த நாள் முதல் அளவீடு என்ன சொல்கிறதோ அதன்படி கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும்.

நிறுவனம் சொல்வதை நாமே சோதிக்கவும் வழி இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து, கைபேசிச் செயலி ஒன்றில் போட்டால் கிலோவுக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 5 கிராம், இயந்திரம் மணிக்கு 500 கன மீட்டர் காற்றை இழுக்கிறது என்றால், அது சுமார் 600 கிலோ காற்று. மணிக்கு 3 லிட்டர் தண்ணீர். ஒரு நாளைக்கு 72 லிட்டர். வாடகைக்கு எடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், ‘மிஷின் நல்லாத்தான் ஓடுது சார்’ என்ற பதில் நின்றுவிடும். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வெளியே வரும் காற்று சூடானது என்பதாலேயே சதவீதம் குறைவாகத்தான் காட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மேல் வெப்ப எல்லையைக் கேளுங்கள். பல இயந்திரங்கள் 35 டிகிரியோடு நிறுத்திக்கொள்பவை. மூடிய அறையில் இரண்டு இயந்திரமும் நான்கு புளோயரும் ஓடினால் அந்த வெப்பத்தைத் தொட அதிக நேரம் ஆகாது. கம்ப்ரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். குளிர் நாட்டு விளம்பரங்கள் கீழ் எல்லையைப் பெருமையாகப் பேசும். நமக்கு வேண்டியது மேல் எல்லை: 40 டிகிரிக்குக் குறைந்தால் வேண்டாம்.

அடுத்தது தண்ணீரை வெளியேற்றும் பம்ப். வீட்டு உபயோக இயந்திரத்தில் ஒரு வாளி இருக்கும். நிரம்பியதும் மிதவை மேலெழும்பி இயந்திரம் நிற்கும். இரவு பதினொரு மணிக்கு நின்றால் காலையில் ஆள் வரும்வரை எட்டு மணி நேர வேலை போயிற்று. தொழிலுக்கு வாங்குபவர் உள்ளேயே பம்பும் நீளமான ஓசும் உள்ள ரகத்தைத்தான் வாங்க வேண்டும்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைக் கேட்டால் விற்பவர்கள் பலர் விழிப்பார்கள். 26.7 டிகிரி நிலையில் இரண்டு லிட்டருக்குக் கீழே தரும் பெரிய இயந்திரத்தை நான் தொட மாட்டேன். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் கட்டாயம். நாள் வாடகைத் தகராறுகளில் பாதி அதிலேயே தீரும். அமெரிக்காவிலிருந்து பழைய இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு இறக்குமதி செய்யலாம் என்ற ஆசை சிலருக்கு வரும். அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. உள்ளூர் ஏசி மெக்கானிக்கால் காஸ் நிரப்பி, ஃபில்டர் மாற்றிச் சரிசெய்ய முடிகிற இயந்திரமே நல்ல இயந்திரம்.

இணையத்தில் கையடக்கமாக, அழகாக விற்கும் பெல்டியர் வகையைப் பற்றி ஒரே வரி: அது நாள் முழுக்க எடுப்பது அரை லிட்டர்கூட இருக்காது, பீரோவுக்குள் வைக்கலாம். இயந்திரமே கிடைக்காத வீட்டில் ஏசி இருக்கிறதே, அது ஆகுமா? ஓரளவுக்கு ஆகும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைப் பிரிக்கும். ஆனால், அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும்; குளிர்ந்த சுவர் ஈரத்தை விடாது. ‘டிரை’ பொத்தானைப் போட்டு, அறையை மூடி, தரையில் விசிறி வைத்து ஓட்டினால் ஒன்றும் இல்லாததற்கு அது பெரிய உதவி. வெளியே இருக்கும் யூனிட்டோ வயரிங்கோ தண்ணீரில் மூழ்கியிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் எதையும் ஆன் செய்யக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. சென்னையின் வெள்ளம் வெறும் மழைநீர் அல்ல, சாக்கடையும் கலந்தது. எஸ்-500 இதை மூன்றாம் வகை, அதாவது மிக மோசமான நீர் என்று பிரிக்கும். கழுவாத, கிருமிநாசினி போடாத அறையில் புளோயரைப் போட்டால் சாக்கடைத் தூசியை வீடெங்கும் தூற்றுவதாகத்தான் முடியும். ஊறிய மெத்தை, பஞ்சு சோபா, உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஆகியவற்றை எந்த இயந்திரமும் மீட்காது. அவற்றை வெளியே போட்டுவிட்டுத்தான் இயந்திரத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். வரவேற்பறையில் அவை இருக்கும்வரை அவற்றின் ஈரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் வாடகை கொடுத்துக் காய வைக்கிறீர்கள்.

எப்போது நிறுத்துவது? கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஈரமானி வைத்து நனைந்த சுவரையும், வெள்ளம் தொடாத மாடிச் சுவரையும் அளந்து ஒப்பிட வேண்டும். உப்பேறிய சுவரில் மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, எண்ணைவிட அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பார்ப்பதே நேர்மையான வழி. மூன்று நான்கு நாளுக்குப் பிறகு இறக்கம் மெதுவானால் இன்னும் இயந்திரம் கூட்டிப் பயனில்லை. சுவர் தன் வேகத்தில்தான் விடும். அப்போது இயந்திரத்தைப் பாதியாகக் குறைத்து, நாளைக் கூட்ட வேண்டும். வாடகை வாங்குபவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

யார் வாங்குவது?

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக ஒவ்வொரு குடும்பமும் இதை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய், அடுப்புக்கும் பாய்க்குமே போயிருக்கும். இது வாடகைக்குப் புழங்க வேண்டிய பொருள். வாடகைக்கு எடுப்பதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு பந்தல்காரர், ஷாமியானா, நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர், சீரியல் செட் என்று எல்லாவற்றையும் ஒரு போன் அழைப்பில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். கார்த்திகையில் மழையாலும் மார்கழியில் முகூர்த்தம் இல்லாததாலும் அவருக்குத் தொழில் மந்தம். இயந்திரமும் புளோயரும் பாலித்தீன் ஷீட்டும் அவருடைய கிடங்கில் இருந்தால் பொருளும் வண்டியும் ஆளும் ஏற்கெனவே தயார். தேவை கடன் வசதியும் சில நாள் பயிற்சியும். ஐ.டி.ஐ.களில் குளிர்சாதனப் பிரிவு நடத்தும் அரசுக்கு இந்தப் பயிற்சியைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல.

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தையும் உள்ளடக்கியது. இடிந்ததைக் கட்டிக்கொடுப்பதைவிடக் காய வைத்துக் காப்பாற்றுவது மலிவு. சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதே என்று வாடிக்கையாளரைக் காக்க வைக்கும் பழக்கம்தான் 48 மணி நேரக் கெடுவை வீணாக்குகிறது. படம் எடுத்து வைத்துவிட்டு உடனே உலர்த்தத் தொடங்கலாம், அதற்கான ரசீதை ஏற்போம் என்று நிறுவனங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மாநகராட்சி செய்ய வேண்டியது இன்னும் எளிது. மோட்டார்களோடு சேர்த்து மண்டலத்துக்குச் சில டிஹியூமிடிஃபையர்களை வாங்கி, முதலில் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பள்ளிகள், நூலகங்கள், ரேஷன் கடைகளைக் காய வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. செப்டம்பரில் யோசித்தால் காலம் கடந்துவிடும். ஜூனில் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். அப்படிக் கோரும்போது தயவுசெய்து ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்பது 26.7 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதத்தில் அளந்ததாக இருக்க வேண்டும். 30 டிகிரி, 80 சதவீதக் கணக்கில் வரும் ஒப்பந்தப்புள்ளிகள் நிராகரிக்கப்படும்.